கீமோ மருந்து கலக்க எது: கேபினட் மட்டுமா, சிஎஸ்டிடி சேர்த்தா, ஐசோலேட்டரா?

சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தின் 1 கிராம் குப்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே தூள். 50 மி.லி. சலைன் விட்டால் மி.லி.க்கு 20 மி.கி. ஆகும். மூடிய குப்பிக்குள் 50 மி.லி. திரவம் போனால் அந்த அளவு காற்று வெளியே வந்தாக வேண்டும். வர வழியில்லாவிட்டால் குப்பிக்குள் அழுத்தம் ஏறும். ஊசியை உருவும் நொடியில் ரப்பர் மூடியின் துளை வழியாக மருந்து கண்ணுக்குத் தெரியாத தூவானமாய்ப் பீறிடும். அது கையுறையிலும் தட்டிலும் சலைன் பையின் வெளிப்புறத்திலும் படியும். பையைத் தொடும் வார்டு செவிலியர் வரை போகும்.

இந்த 50 மி.லி. காற்றைக் கேபினட் (காற்றின் பாதையைக் கட்டுப்படுத்தும் பெட்டி), சிஎஸ்டிடி (மூடிய மருந்து மாற்றுக் கருவி), ஐசோலேட்டர் (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) என ஒவ்வொரு ஏற்பாடும் எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தால் எதற்குக் காசு செலவழிக்கலாம் என்பது தெளிவாகும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கலவை போடும் நடுத்தர மருத்துவமனையின் மருந்தகத்தை மனதில் வைத்தே இந்த ஒப்பீடு.

கேபினட், ஊசி, சிரிஞ்சு

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுவோம். குளுக்கோஸ், ஊட்டச்சத்துக் கலவைகளுக்கு வைத்திருக்கும் கிடைமட்ட லாமினார் மேஜையில் (சுத்தக் காற்று கலப்பவரை நோக்கி வீசும் மேஜை) கீமோ கலக்கவே கூடாது. அது மருந்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, அதன் மேல் பட்ட காற்றைக் கலப்பவர் முகத்தில் வீசுகிறது.

வேண்டியது இரண்டாம் வகுப்பு பாதுகாப்பு கேபினட். ஏ2 வகையில் ஏறத்தாழ 70 சதவீதக் காற்று ஹெப்பா என்ற நுண்துகள் வடிகட்டி வழியாக உள்ளேயே சுற்றும், 30 சதவீதம் வெளியேறும். ஹெப்பா துகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. சைக்ளோபாஸ்பமைடு அறை வெப்பத்திலேயே ஓரளவு ஆவியாகும் மருந்து. ஆகவே ஏ2 கேபினட்டின் வெளியேற்றத்தை அறைக்குள்ளேயே விட்டால் ஆவியும் அறைக்குள்தான் சுற்றும். வாங்கும்போது மிச்சம் பிடிப்பதாக நினைத்துப் பலர் விட்டுவிடுவது கூரைக்கு மேல் போகும் இந்தக் குழாயைத்தான். பி2 வகை முழுக் காற்றையும் வெளியே தள்ளும். ஆனால் குளிரூட்டிய காற்றை ஓயாமல் உறிஞ்சுவதால் ஏசி செலவு ஏறும். வெளியேற்றும் விசிறி நின்றால் கேபினட்டும் தானாக நிற்கும்படி இணைப்பு இருக்க வேண்டும்.

கேபினட் காற்றின் பாதையைத்தான் கட்டுப்படுத்தும், பீறிடுவதைத் தடுக்காது. தடுப்பது கைப்பழக்கம். 50 மி.லி. சிரிஞ்சை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், தண்டு கழன்று வரும். 25 மி.லி.யாக இரு தடவை விடுங்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திரவம் தள்ளி, அதே அளவு காற்றைச் சிரிஞ்சுக்குள் வர விடுங்கள். மறுபடி கொஞ்சம் தள்ளுங்கள். ஊசியை உருவும் முன் குப்பிக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். நாலு குப்பி வரை இது ஒழுங்காக நடக்கும். பன்னிரண்டாவது குப்பியில், ஓ.பி. கூட்டம் ஜன்னலில் நிற்கும்போது, அவசரத்தில் தவறும்.

முன்பக்கக் கிராதியின் மேல் லேபிள் தாளை வைப்பதும், கையைச் சட்டென்று உள்ளே வெளியே எடுப்பதும், ஏசி காற்று நேராகக் கேபினட் வாயில் அடிப்பதும், மருந்து வெளியே வராமல் அந்த வாயில் தடுக்கும் காற்றுத் திரையைக் கிழிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கும்போது புகை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாலேயே தெரியும்.

கேபினட்டுடன் சிஎஸ்டிடி

மூடிய மருந்து மாற்றுக் கருவியில் அந்த 50 மி.லி. காற்றுக்கு ஓர் இடம் உண்டு. ஒரு வகையில் குப்பி அடாப்டரோடு சேர்ந்த பலூன் உப்பி அதை வாங்கிக்கொள்ளும். இன்னொரு வகையில் கரி வடிகட்டி வழியாகக் காற்று வெளியேறும். ஆவியாகும் மருந்துகளுக்கு முதல் வகைதான் என் தேர்வு, காற்று வெளியே வருவதே இல்லை. அவசரக் கை தவறினாலும் தூவானம் எழாது என்பதே இதன் பெரிய பலன்.

ஆபத்தான மருந்துகளைக் கையாள்வதற்கான அமெரிக்காவின் யூஎஸ்பி 800 விதி மருந்து கலக்கும்போது இதைப் பரிந்துரைக்கிறது. நோயாளிக்கு ஏற்றும்போது, மருந்தின் வடிவம் இடம் தரும் வரை, கட்டாயமாக்குகிறது. காரணம் எளிது: வார்டில் செவிலியருக்குக் கேபினட் கிடையாது. மருந்தகத்தில் மட்டும் இதைப் போட்டுவிட்டு வார்டில் பழையபடி டிரிப் செட்டைக் குத்தினால் ஆபத்தைக் கைமாற்றியதாகத்தான் ஆகும். இருக்கிற காசில் ஒரு பக்கம்தான் முடியும் என்றால் வார்டுப் பக்கத்துக்குக் கொடுங்கள்.

இதிலும் சிக்கல் உண்டு. குப்பிக் கழுத்து 13 மி.மீ., 20 மி.மீ. என வேறுபடும். டெண்டர் மாறி வேறு கம்பெனி மருந்து வந்தால் கழுத்தளவும் மாறலாம், அலமாரி நிறைய இருக்கும் அடாப்டர் பொருந்தாது. கொள்முதல் ஆணையில் மருந்தின் பெயருக்குப் பக்கத்திலேயே கழுத்தளவையும் எழுதுங்கள். பெண்டமஸ்டின் என்ற கீமோ மருந்தின் திரவ வடிவம் ஒன்றில் உள்ள கரைப்பான் பாலிகார்பனேட், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015இல் எச்சரித்தது. அடாப்டர் எந்தப் பிளாஸ்டிக் என்று கேட்காமல் வாங்கக் கூடாது. சிஎஸ்டிடி கேபினட்டுக்கு மாற்றும் அல்ல.

ஐசோலேட்டர்

தனி அறை கட்ட இடமில்லாத இடத்தில் இது கை கொடுக்கும். மூடிய பெட்டி, பொருத்திய கையுறை; கலப்பவர் நன்கு காக்கப்படுகிறார். ஆனால் அந்த 50 மி.லி. காற்று? பெட்டிக்குள்ளேயே பீறிடும், சுவரிலும் தட்டிலும் பையிலும் படியும். பையைத் துடைக்காமல் வெளியே எடுத்தால் மருந்தும் அதோடு வெளியே வரும். தடித்த கையுறையில் விரல் மந்தமாகும், வேலை மெதுவாகும், சின்ன ஓட்டை கண்ணில் படாது. நாளைக்கு ஐந்து கலவைக்குச் சரி, பதினைந்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் முடிவு இது: வெளியே குழாய் விட்ட ஏ2 கேபினட், வார்டில் எல்லா கீமோவுக்கும் சிஎஸ்டிடி, மருந்தகத்தில் ஆவியாகும் மருந்துகளுக்கும் அதிக அளவு கரைக்கும் குப்பிகளுக்கும் முதலில் சிஎஸ்டிடி. எதை வாங்கினாலும் கீமோவுக்கெனச் சோதித்த கையுறை இரண்டு ஜோடி, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றியபடி, வெளிக்கையுறை கவுனின் கைப்பட்டியை மூடியபடி. ஸ்பிரிட் துடைப்பு கீமோவை அழிக்காது, பரப்பும். முதலில் 2 சதவீத ஹைப்போகுளோரைட், பிறகு தயோசல்பேட், பிறகு சோப்புத் தண்ணீர், கடைசியில்தான் ஸ்பிரிட். துணியை நனைத்துத் துடைக்க வேண்டும், நேராகத் தெளிக்கக் கூடாது.

குப்பிக்கு ஒரு நோயாளியா, ஒரே நாளில் சேர்த்தா?

ஸ்டாக் கணக்கும் இதோடு பின்னியது. போர்ட்டிசோமிப் என்ற புற்றுநோய் மருந்தின் அளவு உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 1.3 மி.கி. உடற்பரப்பு 1.5, 1.6, 1.7 உள்ள மூவருக்கு 1.95, 2.08, 2.21 மி.கி., மொத்தம் 6.24. வெவ்வேறு நாளில் வந்தால் 3.5 மி.கி. குப்பி மூன்று உடையும், 4.26 மி.கி. வீணாகும். ஒரே காலையில் வரச் சொன்னால் இரண்டு குப்பி போதும், மிச்சம் 0.76 தான். கரைத்த மருந்துக்கு 25 டிகிரியில் 8 மணி நேரமே ஆயுள். குத்திய குப்பி அதுவரை கேபினட்டின் சுத்தக் காற்றிலேயே இருக்க வேண்டும். சிஎஸ்டிடி மாட்டியிருப்பதால் ஆயுள் நீளாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தோலடியில் போட 3.5 மி.கி.யை 1.4 மி.லி.யில் கரைப்போம், மி.லி.க்கு 2.5 மி.கி. அடாப்டரிலும் இணைப்பிலும் ஆளுக்கு 0.1 மி.லி. தங்கினால் 0.25 மி.கி. போயிற்று. மூவருக்கும் சேர்த்து 0.75, சேமித்த மிச்சம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். வாங்கும் முன் மாதிரி அடாப்டரைத் தராசில் வைத்து, தண்ணீர் ஏற்றி இறக்கி, மறுபடி எடை பாருங்கள்; கூடியது எவ்வளவோ அதுவே தங்கும் அளவு.

இன்னொரு வழி, 2 மி.கி. குப்பி வாங்குவது. 2.08 தேவைப்படுபவருக்கு 4 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் அளவு குறையும். புற்றுநோய் மருத்துவர் எழுத்தில் ஒப்பினால் ஒரு குப்பியே போதும். வாரத்துக்கு ஒருவர் இருவர் மட்டும் வரும் இடத்துக்கு இதுதான் பொருந்தும். நரம்பில் ஏற்றுவதற்கு மி.லி.க்கு 1 மி.கி., தோலடிக்கு 2.5 என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டில் வைக்காதீர்கள். சிரிஞ்சு லேபிளில் மி.கி.யோடு மி.லி.யும், போடும் வழியும் இருக்கட்டும்.

மிச்சமும் காலாவதியானதும் சாதாரண மஞ்சள் பையில் போகக் கூடாது. 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிப்படி சைட்டோடாக்ஸிக் (செல்களைக் கொல்லும் மருந்து) எனக் குறியிட்டுத் தனியாக, 1200 டிகிரிக்கு மேல் எரிக்கும் இடத்துக்கோ மருந்து தந்த கம்பெனிக்கோ போக வேண்டும். எக்ஸ்பயரிக்கு மூன்று மாதம் முன்பே திருப்ப ஒப்பந்தத்தில் இடம் கேளுங்கள்.

கடைசியாக, மூன்று ஏற்பாட்டிலும் விடுபடும் இடம் சரக்கு இறக்கும் மேஜை. புதுக் குப்பியின் வெளிப்பக்கத்திலேயே உற்பத்தியின்போது படிந்த மருந்து இருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பெட்டியைப் பிரித்து, பேட்ச் எண் சரிபார்த்து, அலமாரியில் அடுக்குபவர் பெரும்பாலும் வெறுங்கையோடு இருப்பார். அந்த மேஜையிலும் ஒரு கையுறைப் பெட்டியும் கசிவைத் துடைக்கும் கிட்டும் வைத்துவிடுங்கள்.