பழைய வண்ணாரப்பேட்டை நாட்டு மருந்து கடையும் நான் வாங்கின குர்குமின் டப்பாவும்

மொதல்லயே சொல்லிடறேன், குர்குமின்னா மஞ்சள்ல இருக்கற சத்து, அந்த கேப்சூல் டப்பா இன்னும் சீல் பிரிக்காமதான் இருக்கு, ஆனா வீட்ல கேன்சர் பேஷண்ட் இருக்கவங்க இத படிச்சிட்டு அப்புறமா காச போடுங்க.

எங்க நைனாவுக்கு போன வருஷம் நுரையீரல் கேன்சர்னு தெரிஞ்சுது, பீடி சிகரெட் தொட்டதே இல்ல மனுஷன். இப்ப அதுக்கு ஜெஃபிடினிப்ங்கற கேன்சர் மாத்திர தினம் ஒண்ணு ஓடுது. சொந்தக்காரங்க அனுப்பின வீடியோவ பாத்து பயத்துல ஆன்லைன்ல 60 கேப்சூல் டப்பா ஒண்ணு வாங்கிட்டேன், மேலயே கொட்ட எழுத்துல 'நுரையீரல் கேன்சர் செல்லை அழிக்கும்'னு போட்டிருந்தான்.

அன்னிக்கு சாயங்காலம் எம்.சி. ரோடு பக்கத்து சந்துல நாங்க வழக்கமா போற நாட்டு மருந்து கடைக்கு விரலி மஞ்சள் வாங்க போனேன். கடைக்காரர் கண்ணாடிய மாட்டிக்கிட்டு டப்பாவோட பின்பக்கத்த படிச்சாரு, குர்குமின் 500 மில்லிகிராம், பைப்பரின் 5. "தம்பி, பைப்பரின்னா மிளகுல இருக்கற சத்து. நைனா இங்கிலீஷ் மாத்திர சாப்புடறார்ல? டாக்டர்கிட்ட காட்டாம குடுக்காத"ன்னாரு. அவர் கடையிலயும் இதே மாதிரி கேப்சூல் அடுக்கி வச்சிருக்காரு, எனக்கு தள்ளிவிட்டிருக்கலாம், விடல. கடைக்கு நான் குடுக்கற அஞ்சு ஸ்டாரும் அதுக்குத்தான்.

டாக்டர் விவரமா சொன்னாங்க. குர்குமின் கேன்சர் செல்ல கொல்லுதுங்கறது பொய் இல்ல, ஆனா அது லேப்ல. ஏ549னு ஒரு செல் வகை, 1972ல 58 வயசு ஆளோட நுரையீரல் கட்டியில இருந்து எடுத்தது, இன்னிக்கும் ஊர் உலகத்துல தட்டுல வளக்கறாங்க, அது மேல குர்குமின நேரா ஊத்துனா செல் உயிரோட இருக்கறதுக்கான சிக்னல்லாம் அடங்கி தானா செத்துப்போவுது. நாம முழுங்கினா அப்படி இல்ல, குடலும் ஈரலுமே அத மாத்தி வெளிய தள்ளிடும், ரத்தத்துல கண்ணுக்கே சிக்காது. 1998ல பெங்களூர்ல ஆளுங்களுக்கு 2 கிராம் குர்குமினோட 20 மில்லிகிராம் பைப்பரின் குடுத்து பாத்ததுல ரத்தத்துல சேர்றது 2000 சதவீதம் கூடிச்சாம், கேப்சூல்ல மிளகு வந்த கதை இதான். சிக்கலும் அங்கதான், ஈரல்ல மருந்த ஒடைக்கிற என்சைமயே பைப்பரின் தடுக்கும், ஜெஃபிடினிப்பும் அதே என்சைம்லதான் ஒடையுது. மாத்திரையோட அளவு ஒடம்புல ஏறிப்போச்சுன்னா வயித்துப்போக்கு, தோல்ல பரு, ஈரல் கோளாறுன்னு போவும். கொழம்புல போடற மஞ்சள், மிளகு தாராளமா சாப்பிடட்டும், கேப்சூல் வேணாம்னுட்டாங்க.

அந்த டப்பாவுக்கு ஒரு ஸ்டார் கூட குடுக்க மாட்டேன். மாத்திர சாப்பிடறவங்க டாக்டர கேளுங்கன்னு ஒரு வரி போட்டிருக்க கூடாதா? சாவுக்கு பயந்து வாங்கறவங்கதானே நாங்க.

கடை சரக்கு பத்தி, ஈரோடு விரலி மஞ்சள், கேட்டா ஒண்ண ஒடச்சே காட்டுவாரு, உள்ள நல்ல ஆரஞ்சு கலர், ஒடச்ச கையில வாசன ரொம்ப நேரம் நிக்குது. பொடியா வாங்காதீங்க, விரலி மேல மினுக்கறதுக்கு ஈயம் கலந்த சாயம் ஏத்தி அரைச்சு விக்கறவங்களும் இருக்காங்க, விரலியா வாங்கி கழுவி காயவச்சு மெஷின்ல குடுத்து அரைங்க. கஸ்தூரி மஞ்சளும் பக்கத்துலயே இருக்கும், அது மூஞ்சிக்கு போடறது, கேட்டு வாங்குங்க. சாயங்காலம் கூட்டம் ஜாஸ்தி, காலைல போனா நின்னு பேசுவாரு.

போன ஞாயித்துக்கிழம காசிமேட்டுல சங்கரா மீன் வாங்கி அந்த மஞ்சள் தடவித்தான் கொழம்பு வச்சோம். ரொம்ப நாள் கழிச்சு நைனா இன்னொரு துண்டு போடுன்னாரு.