ஒரு கண்ணால் பார்த்தாலும் ஆழம் தெரியும்

மதுரையிலிருந்து மேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒத்தக்கடை பக்கம் வரும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளியே பாருங்கள். ரோட்டோரக் கம்பங்கள் பின்னால் பறக்கும், யானைமலை மட்டும் கூடவே வரும். எது கிட்ட, எது எட்ட என்பது ஒற்றைக் கண்ணுக்கே புரிந்துவிடும். அதே ஒற்றைக் கண்ணோடு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், தடுமாறும். கைக்கெட்டும் தூரத்துக்கு இரண்டு கண்ணும் வேண்டும். சுமார் 6 செ.மீ. தள்ளியிருக்கும் இரண்டு கண்ணிலும் விழும் படங்களில் உள்ள சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை ஆழத்தைக் கணக்குப் போடுகிறது.

3டி சினிமாவும் டிவியும் இந்த ஊசி-நூல் வித்தையை மட்டும் நம்பியவை. சிவப்பு-நீலக் காகிதக் கண்ணாடி மலிவு, ஆனால் நிறமெல்லாம் நாசம், அதை விடுங்கள். தியேட்டர்களில் பெரும்பாலும் போலரைஸ்டு கண்ணாடிதான், ஒளி அதிரும் விதத்தை வைத்து ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படத்தை மட்டும் உள்ளே விடும். லேசானது, பேட்டரி கிடையாது, ஆனால் வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் விழுங்கிவிடும் (பவர் கண்ணாடி போட்டவர்கள் அதன்மேல் இதையும் மாட்டிக்கொண்டு படும் பாடு தனிக்கதை). டிவியில் இதே முறை வந்தபோது திரையில் உள்ள 1080 படவரிகளில் ஒரு கண்ணுக்கு 540தான் கிடைத்தது. ஷட்டர் கண்ணாடியில் அந்தக் குறை இல்லை, ஒவ்வொரு கண்ணையும் நொடிக்கு 60 முறை மாற்றி மாற்றித் திறந்து மூடி முழுப் படத்தையும் காட்டும். ஆனால் கனம், சார்ஜ் வேறு போடவேண்டும். 2017 வாக்கில் பெரிய கம்பெனிகள் 3டி டிவி தயாரிப்பையே நிறுத்திவிட்டன, அதற்கு முன்பு கேட்டிருந்தால் தெளிவு வேண்டுமென்றால் ஷட்டர், வீட்டில் நாலு பேர் சேர்ந்து பார்க்கப் போலரைஸ்டு என்றிருப்பேன்.

கண்ணை மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் திரையான வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட் யானைமலை வித்தையையும் சேர்த்துச் செய்கிறது. தலையை நகர்த்தினால் கிட்ட இருப்பது அதிகமாகவும் எட்ட இருப்பது கொஞ்சமாகவும் நகரும். தியேட்டரில் எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் தூணுக்குப் பின்னால் இருப்பது தெரியாது, இங்கே தெரியும். தலைவலி மட்டும் இரண்டுக்கும் பொது. பொருள் மூக்கருகே வருவதுபோல் இருக்கும்போது கண்கள் உள்நோக்கித் திரும்பும், ஆனால் கண்ணின் ஃபோகஸ் நிற்பதோ தியேட்டரில் திரையில், ஹெட்செட்டில் பெரும்பாலும் 1 முதல் 2 மீட்டரில். இந்த இழுபறியில்தான் கண் களைக்கிறது.

எங்கள் மாமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மாறுகண், இரண்டு கண்ணின் படமும் மூளையில் ஒன்றாகச் சேராது. 3டி படத்துக்குக் கூட்டிப்போனால் "என்னடா, சாதாப் படம்தானே ஓடுது" என்பார். போன மாதம் அவர் தலையில் ஹெட்செட்டை மாட்டிவிட்டோம். ஒரு தூண் மண்டபம் வந்தது. மனுஷன் இடுப்பை வளைத்துத் தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், அப்புறம் கையை நீட்டித் தூணைத் தொடப்போய், பக்கத்தில் இருந்த என் மூக்கில் ஒரு குத்து.