சா-சா-சா: ஓராண்டுக்குப் பிறகும் தீராத ஒரு குறை

சா-சா-சா வகுப்பில் சேரலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். சம்பா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் ஆகியவற்றோடு லத்தீன் போட்டி நடனங்கள் ஐந்தில் இதுவும் ஒன்று என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆகவே அறிமுகத்தை விட்டுவிட்டு, ஓராண்டுக்கு மேலாக என்னை உறுத்திவரும் ஒரு குறையைப் பற்றியே எழுதுகிறேன். நான் சேர்ந்த தொடக்க வகுப்பில் இந்த நடனத்தைத் தவறான எண்ணில் தொடங்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

இசை நான்கு தட்டுகள் கொண்ட தாளத்தில் ஓடுகிறது. முன்னோக்கியோ பின்னோக்கியோ வைக்கும் முதன்மையான அடி இரண்டாம் தட்டில் விழ வேண்டும். மூன்றாம் தட்டில் உடல் எடை மற்றக் காலுக்குத் திரும்ப வேண்டும். நான்காம் தட்டை இரண்டாகப் பிளந்து பக்கவாட்டில் இரண்டு விரைவான அடிகளை வைத்து, அடுத்த சுற்றின் முதல் தட்டில், இசை அழுத்தம் பெறும் அந்த இடத்தில், மூன்றாவது அடியை ஊன்ற வேண்டும். பாட்டைச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டிலேயே, எடுக்காமல் தள்ளி எடுப்பதைப் போன்றது இது. வகுப்பிலோ "ஒன்று, இரண்டு, சா-சா-சா" என்று எண்ணச் சொன்னார்கள். புதியவர்களுக்கு எளிது என்பது அவர்கள் கூறிய காரணம். அப்படி எண்ணும்போது கடைசி அடி நான்காம் தட்டிலேயே முடிந்துவிடுகிறது. இசை ஊன்றும் இடத்தில் ஆடுபவர் ஊன்றுவதில்லை. அடிகள் எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் பாட்டோடு ஒட்டாமல் போவதற்கு இதுவே காரணம்.

1950களின் தொடக்கத்தில் கியூபாவின் வயலின் கலைஞர் என்ரிக்கே ஹோரின் இந்த இசையை உருவாக்கியதே, மாம்போ என்ற கியூப நடன இசையின் சிக்கலான தாளத்தில் ஆடுபவர்கள் தடுமாறுவதைக் கண்டு அவர்களுக்கு எளிதாக்கத்தான். ஏற்கெனவே எளிதாக்கித் தந்ததை மேலும் எளிதாக்குவதாகச் சொல்லி, அதன் உயிர்நிலையையே நகர்த்திவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த நிலை வகுப்பில் "இரண்டு, மூன்று, நான்கு-மற்றும்-ஒன்று" என்று மாற்றி எண்ணச் சொன்னபோது, கால்களுக்குப் பழகிப்போன ஒன்றை மறக்கடிப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினமாக இருந்தது. முதல் தட்டில் ஒரு பக்க அடி வைத்துவிட்டு இரண்டில் தொடங்குங்கள் என்ற ஒரே வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் போதும்.

நியாயமாகப் பேச வேண்டுமானால், அதே ஆசிரியர்கள் இடுப்பசைவைக் கற்றுக்கொடுத்த விதம் அருமை. இடுப்பைத் தனியே ஆட்டச் சொல்லவில்லை. முன்பாதத்தை முதலில் ஊன்றி, குதிகாலை இறக்கி, மடங்கிய முழங்காலை நீட்டி, எடையை முழுவதுமாக அந்தக் காலுக்கு மாற்றினால் இடுப்பு தானாகவே நகரும் என்று காட்டினார்கள். முதல் முறை அது தானாக நிகழ்ந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. அடிகளைச் சிறிதாக்கச் சொன்னதற்கும் தக்க காரணம் இருந்தது: நிமிடத்துக்குச் சுமார் 120 தட்டுகள் என்ற வேகத்தில், பிளந்த அரைத்தட்டு அடி ஒன்றுக்குக் கால் நொடிதான் கிடைக்கும், அகலக் கால் வைப்பவர் அடுத்த அடிக்குத் திரும்பவே முடியாது. மென்தோல் அடிப்பாகம் கொண்ட நடனக் காலணியும் தரையில் பாதத்தைத் திருப்புவதற்குப் பெரிதும் உதவுகிறது.

இவ்வளவு பாராட்டிய பிறகும், சேர வேண்டாம் என்பதே என் பதில். இந்த வாரம் புதிதாக வந்தவர்களுக்கும் அதே "ஒன்று, இரண்டு" என்ற எண்ணிக்கையையே கற்றுக்கொடுப்பதைப் பார்த்தேன். இரண்டில் தொடங்க முதல் நாளிலேயே கற்பிக்கும் ஆசிரியர் கிடைக்கும்வரை காத்திருங்கள். நான் தொடர்ந்து போகத்தான் போகிறேன். உயர்த்திய கைகளின் கீழே சுழலும் அலெமானா என்ற அசைவு இன்னும் எனக்கு வசப்படவில்லை, அது வசப்படும்வரை விடுவதாக இல்லை.