க்யூ-லாவ்ஹா: குழம்பின் பாதையைக் காட்டும், நேரத்தைக் காட்டாது

எரிமலைக் குழம்பு எவ்வழியே இறங்கும் என்பதைக் கணினியில் கணித்துப் பார்க்கக் காசில்லாமல் கிடைக்கும் கருவிகளுள் க்யூ-லாவ்ஹா முக்கியமானது. பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கி 2016இல் ஆய்விதழில் விளக்கிய இது, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளுக்குள் பிளக்-இன்னாக (துணைநிரலாக) இயங்குகிறது.

சோதனைக்கு, 2002 ஜனவரி 17 அன்று காங்கோவின் நியிராகோங்கோ எரிமலையிலிருந்து இறங்கிய குழம்பு கோமா நகரை ஊடறுத்து, விமான ஓடுபாதையின் ஒரு பகுதியை மூடி, கிவு ஏரியில் விழுந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன். விண்ணோடம் 2000 பிப்ரவரியில் அளந்த 30 மீட்டர் உயரத் தரவு இதற்குத் தோதானது. குழம்பு படிவதற்கு முந்தைய நிலம் அதில் அப்படியே இருக்கிறது. ஆனால், 2021 மே 22 வெடிப்புக்கும் அதையே கொடுத்தால், 2002இல் உறைந்த பாறையே இல்லாத நிலத்தில் கணக்குப் போட்டதாகிவிடும். தரவை மீட்டர் அளவிலான ஆயமுறைக்கு (இடங்களை எண்களால் குறிக்கும் முறைக்கு) மாற்றாமல், பாகை அளவிலேயே முதலில் ஏற்றி ஒரு மாலையை வீணடித்தது என் கவனக்குறைவு.

நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, சரிவு மிகுந்த பக்கம் போகும் வாய்ப்பு கூடுதலாக இருக்கும்படி குழம்பைக் கட்டம் கட்டமாக நகர்த்தி, அதையே நூற்றுக்கணக்கான முறை திரும்பச் செய்து, எத்தனை பாதைகள் எந்தக் கட்டத்தைத் தொட்டன என்பதை வண்ணமாகக் காட்டுவதுதான் இதன் வேலை. குழம்பின் தடிமனை நாமே தர வேண்டும். அதைக் கூட்டினால் சிறு மேடுகளைத் தாண்டிப் பாதை அகலும், குறைத்தால் ஓடைபோல ஒடுங்கும். வெடிப்பு வாயைப் புள்ளியாக மட்டுமின்றிக் கோடாகவும் பரப்பாகவும் வரையலாம் என்பதே எனக்கு மிகவும் பிடித்த வசதி, ஏனெனில் 2002இல் தென்சரிவில் நீண்ட பிளவுகள் திறந்தே குழம்பு வெளிவந்தது. மலையுச்சியில் ஒரே புள்ளியை வைத்தால் கதையே மாறிவிடும்.

ஓட்டத்தின் நீளத்தை நாமே வரையறுக்கலாம். அல்லது குழம்பு குளிர்ந்து நிற்பதைக் கணிக்கும் ஃப்ளோகோ முறையிடம் விடலாம். பின்னதற்கு வெப்பநிலை, பாகுநிலை, படிக அளவு என்று பல எண்கள் வேண்டும். இத்தாலியின் எட்னா எரிமலைக்குரிய எண்களைச் சிலிக்கா குறைந்து தண்ணீராய் ஓடும் நியிராகோங்கோ குழம்புக்குக் கடன்வாங்குவது பயன்படாது.

பெருங்குறை நேரம்தான். குழம்பு வெளிப்படும் வேகத்தைக் கொண்டு மணிவாரியாகப் பரவலைக் காட்டும், இத்தாலியின் கத்தானியா ஆய்வாளர்களின் மேக்ஃப்ளோ என்ற கருவியைப் போலன்றி, இதன் வாய்ப்பு வரைபடம் நேரத்தைப் பற்றி எதையும் சொல்லாது. ஆகவே மக்களை வெளியேற்றும் நேரத்தில் இதை நம்பியிருக்க முடியாது. மருத்துவமனையையோ சாலையையோ எங்கே அமைக்கலாம் என்று யோசிப்போருக்கு நன்றாகவே உதவும். வரைபடத்திலுள்ள விழுக்காடு, 'இந்த வாயிலிருந்து வெடித்தால்' என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. அதை வண்ண விளக்கத்துக்கு மேலேயே எழுதிவிட்டு அதிகாரிகளிடம் கொடுப்பது நல்லது.