பாதம் கழுவும் எவர்சில்வர் செட்: ஆலயத்துக்குச் சரி, வீட்டுக்கு?

இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் வழிபாட்டுக்கென்று விற்கப்படும் செட் இது. அகன்ற எவர்சில்வர் பேசின், 2 லிட்டர் ஜக், சிலுவை தைத்த வெள்ளைத் துண்டு. ஆண்டுக்கு ஒருநாள் 12 பேருக்கு மட்டும் என்றால் பெரிய குறையில்லை. ஆனால் குனிய முடியாத முதியவருக்கும் படுக்கையில் கிடப்பவருக்கும் வாராவாரம் பாதம் கழுவ இது உதவுமா? அந்த நிகழ்வைச் சொல்லும் யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தை வாழ்ந்து பார்க்க நினைப்பவர்களுக்கு அதுதான் முக்கியம்.

ஜக் அருமை. மூக்கு குறுகலானதால் தண்ணீர் தெறிக்காமல் சீராக விழுகிறது. ஆளுக்கு அரை லிட்டர் தாராளம். 12 பேருக்கு மூன்று ஜக் போதும். பேசின் 4 லிட்டரிலேயே தளும்பும், அதனால் ஆறு பேர் முடிந்ததும் வாளியில் கொட்டிவிடுங்கள். ஒருவர் கழுவிய தண்ணீரில் அடுத்தவர் காலை அமிழ்த்தக் கூடாது.

துண்டு ஏமாற்றம். இயேசு இடுப்பில் கட்டிய துண்டாலேயே சீடர்களின் பாதங்களைத் துடைத்தார். அப்படிச் செய்ய ஒன்றரை மீட்டராவது வேண்டும். இது முக்கால் மீட்டர்தான். தையலும் விறைப்பு, முதியவர்களின் மெல்லிய தோலை உரசும். எல்லோருக்கும் ஒரே துண்டு என்றால் சேற்றுப்புண் பரவும். இடுப்புக்கு ஒன்று, ஆளுக்கொரு சிறுதுண்டு என்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பேசினுக்குக் கைப்பிடி இல்லாததுதான் உண்மையான குறை. ஆலயத்தில் வழிபாட்டுக்கு உதவும் பீடச் சிறுவர்கள் எடுத்துப்போய்விடுவதால் இது தெரியாது. வீட்டில் அழுக்குத் தண்ணீரைத் தூக்கிப்போய்க் கொட்டுவதும், தரையைத் துடைப்பதும் கழுவியவர் வேலை. அதை வீட்டாரிடம் விட்டுவிட்டால் பாதி ஊழியம் அவர்கள் தலையில் விழும். ஈரக் கையில் நிறைந்த பேசின் வழுக்கும், பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மெத்தைமேல் வைத்தாலும் சறுக்கும். படுக்கையில் இருப்பவருக்கு ரப்பர் விரிப்பும் ஆழமான பிளாஸ்டிக் பேசினும் மேல்.

சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். காலில் உணர்ச்சி மங்கியிருக்கலாம் என்பதால் “சூடு இல்லை” என்று அவர்கள் சொல்வதை நம்பக் கூடாது. உங்கள் முழங்கையை நனைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பே போதும். ஊறவைக்க வேண்டாம். விரலிடுக்குகளை ஒற்றி எடுங்கள். ஈரம் தங்கினால் தோல் ஊறிப் பிளந்து கிருமி புகும். எண்ணெயோ கிரீமோ பாதத்துக்குப் போடலாம், இடுக்குகளில் வேண்டாம். கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் தெரிந்தால் வீட்டாரிடம் சொல்லி அன்றே மருத்துவரிடம் காட்டச் செய்யுங்கள். திறந்த புண் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் கழுவாதீர்கள்.

இயேசு கழுவ வந்தபோது சீடர் பேதுருவே முதலில் மறுத்தார். கூச்சப்படுகிறவரை வற்புறுத்தாமல், கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வேண்டாம் என்றால் செருப்பைத் துடைத்து, எட்டும் இடத்தில் வைத்தாலே போதும். அதுவும் அதே ஊழியம்தான்.

ஆலயத்துக்கு வாங்கலாம். வீட்டுக்கு ஜக் மட்டும் தனியாகக் கிடைத்தால் வாங்கி, கைப்பிடியுள்ள சாதாரண பேசினோடு பயன்படுத்துங்கள். செட்டையே வாங்கியவர்கள் பேசினில் பொறித்த சிலுவைக் கோடுகளைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்து எடுத்துவையுங்கள். சோப்பு அங்கேதான் தங்குகிறது.