பார்க்காமலே விரலுக்குப் பட்டன் சிக்க வேண்டும்: ஓட்டத்துக்கும் ஜிம்முக்கும் ஒரு குட்டி மியூசிக் பிளேயர்

நாலு வருஷமாகப் போனில்தான் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடினேன். காலையில் கோவை ரேஸ்கோர்ஸில் ஓட்டம், வாரத்தில் மூன்று நாள் ஜிம், இரண்டுக்கும் அதே போன். கையில் கட்டும் பட்டைக்குள் அதைத் திணித்துக்கொண்டு கிளம்பினால், பத்து நிமிஷத்தில் பட்டை வியர்வையில் நழுவி முழங்கைக்கு வந்துவிடும். பாட்டை மாற்றலாம் என்று தொட்டால் ஈர விரலுக்குத் திரை மசியாது. சரி, நின்று துடைத்துவிட்டுத் தொடலாம் என்று போனை வெளியே எடுத்தால் ஆபீஸிலிருந்து ஒரு மெசேஜ் வந்து நிற்கும், அதைப் படித்தால் அன்றைய ஓட்டம் அதோடு போச்சு. அதனால் பாட்டு மட்டும் பாடுகிற, வேறு எதுவும் செய்யாத ஒரு சின்னப் பொருள் வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். இப்போது மூன்றாவது பிளேயரில் நிற்கிறேன்.

முதலில் வாங்கியது ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில், பெயர் தெரியாத தயாரிப்பு. தீப்பெட்டி அளவு, எடையே தெரியாது, விலையும் சில நூறு ரூபாய்தான். வீட்டில் உட்கார்ந்து கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது, ஜிம்முக்குக் கொண்டுபோன அன்றுதான் சிக்கல் புரிந்தது. அடுத்த பாட்டுக்கும் சத்தத்தைக் கூட்டுவதற்கும் அதில் ஒரே பட்டன்: தட்டினால் பாட்டு மாறும், அழுத்திப் பிடித்தால் சத்தம் கூடும். ஸ்குவாட் முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு நேரம் அழுத்துகிறோம் என்று யாருக்கு நிதானம் இருக்கும்? பாட்டை மாற்றப் போய் காதைப் பிளக்கிற சத்தம், சத்தத்தைக் குறைக்கப் போய் முந்தைய பாட்டு. இன்னொன்று, கோப்பின் பெயர் வரிசையில் பாடாமல் கணினியிலிருந்து எந்த வரிசையில் ஏற்றினோமோ அப்படியே பாடும். மலிவான பிளேயர்கள் பலவற்றில் இந்தப் பழக்கம் உண்டு, வாங்குகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டாக, வேண்டிய வரிசையில் ஏற்றுவதுதான் வழி.

இரண்டாவது, ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கிய பழைய பிளேயர். நல்ல கம்பெனிப் பொருள்தான், ஆனால் விற்றவர் பேட்டரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. முழுசாகச் சார்ஜ் ஏற்றினாலும் நாற்பது நிமிஷத்தில் அணைந்துவிட்டது. இவ்வளவு சின்னப் பொருளுக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரியும் மிகச் சின்னது. வருஷக்கணக்கில் காலியாகவே கிடந்தால் செத்துவிடும், பெரும்பாலும் மாற்றவும் வழி இருக்காது. பழசு வாங்குவதானால் நேரில் போய் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

இந்த இரண்டு அனுபவத்துக்குப் பிறகு நான் முதலில் பார்ப்பது பட்டனைத்தான். எத்தனை ஜிபி, என்ன கலர் திரை எல்லாம் அப்புறம். ஆப்பிள் ஐபாட் ஷஃபிளின் கதை இதற்கு நல்ல சாட்சி. 2005-ல் அது வந்தபோதே திரை கிடையாது, பட்டன்தான். 2006-ல் சட்டையில் மாட்டுகிற கிளிப்போடு வந்தது. 2009-ல் பிளேயரின் முகத்திலிருந்த பட்டன்களை எல்லாம் எடுத்துவிட்டு, இயர்போன் ஒயரில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த ஒயரில் ஒருமுறை அழுத்தினால் நிற்கும், இருமுறை அழுத்தினால் அடுத்த பாட்டு, மூன்று முறை அழுத்தினால் முந்தைய பாட்டு. ஓடுகிற ஒருவன் இதை எண்ணிக்கொண்டா இருப்பான்? மறுவருஷமே, 2010-ல், வட்டமாகப் பட்டன்கள் திரும்பவும் முகத்துக்கு வந்துவிட்டன. அந்த 2010 ஷஃபிளின் எடை வெறும் 12.5 கிராம். என் தம்பியிடம் ஒன்று இருந்தது, இரவல் வாங்கி ஓடியிருக்கிறேன், சட்டையில் மாட்டியதே மறந்துபோகும். 2017-ல் அதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது இன்றைக்கும் வருத்தம்தான்.

இப்போது என்னிடம் இருப்பது சான்டிஸ்க் கிளிப் ஜாம், 8 ஜிபி. ஒரு அங்குலத்துக்கும் குறைவான கறுப்பு வெள்ளைத் திரை, கீழே பட்டன்கள், பின்னால் கிளிப். சத்தத்துக்குத் தனிப் பட்டன் இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. டிரெட்மில்லில் கண்ணை நேராக வைத்துக்கொண்டே கட்டைவிரலால் தடவி அடுத்த பாட்டுக்குப் போய்விட முடிகிறது. ஒரு வாரத்தில் விரலுக்கு இடம் பழகிவிட்டது. கம்பெனி சொல்லும் கணக்கு 18 மணி நேரம். நான் ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் ஏற்றினால் வாரம் முழுக்க அதைப் பற்றி நினைப்பதே இல்லை. இடம் போதவில்லை என்றால் மைக்ரோ எஸ்டி கார்டு போடலாம், ஆனால் 8 ஜிபியே தாராளம்: 128 கேபிபிஎஸ் (ஒலியின் தரத்தைக் காட்டும் அளவு) எம்பி3 என்றால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, ஐந்து நிமிஷப் பாட்டாகவே வைத்தாலும் 1,500-க்கு மேல் கொள்ளும். எஃப்எம் ரேடியோவும் உண்டு, இயர்போன் ஒயர்தான் ஏரியல். மெதுவாக நடக்கிற நாட்களில் ரெயின்போ எஃப்எம் 103 வைத்துக்கொள்வேன்.

ப்ளூடூத் இதில் கிடையாது, ஒயர்தான். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, ஆனால் ஒயரை எங்கே விடுவது என்று பழக வேண்டும். இடுப்பில் மாட்டினால் டெட்லிஃப்டில் தூக்குகிற எடைக் கம்பி உரசும், கழுத்துக்குப் பின்னால் மாட்டினால் பெஞ்ச் பிரஸ்ஸில் முதுகில் குத்தும். நான் டி-ஷர்ட் கழுத்துப் பட்டியில் முன்பக்கம், இடது தோளுக்குக் கொஞ்சம் கீழே மாட்டிக்கொண்டு, மீதி ஒயரை உள்ளே விட்டுவிடுகிறேன். முடித்ததும் இயர்போன் பின்னைப் பிடுங்கித் துடைத்து வைப்பது முக்கியம். ஒரு மாதம் அப்படிச் செய்யாமல் விட்டபோது பின்னைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்து, ஒரு காதில் கரகரவென்று கேட்க ஆரம்பித்தது. பஞ்சால் துடைத்ததும் சரியாகிவிட்டது. ஒயரே வேண்டாம் என்பவர்களுக்கு அதே கம்பெனியின் கிளிப் ஸ்போர்ட் பிளஸ் இருக்கிறது. 16 ஜிபி, ப்ளூடூத், ஐபிஎக்ஸ்5 பாதுகாப்பு. ஐபிஎக்ஸ்5 என்றால் வியர்வை, மழை தாங்கும், தண்ணீரில் முக்கக் கூடாது.

நீச்சலுக்குக் கேட்பவர்களுக்கு விஷயமே வேறு. ப்ளூடூத் அலை தண்ணீருக்குள் சில அங்குலம்கூட ஒழுங்காகப் போகாது, அதனால் பாட்டு காதில் மாட்டுகிற பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும். சோனி வாக்மேன் என்டபிள்யூ-டபிள்யூஎஸ்413 அப்படிப்பட்டது, 4 ஜிபி, கடல் நீரிலும் 2 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது, மூன்று நிமிஷம் சார்ஜ் ஏற்றினால் ஒரு மணி நேரம் பாடுமாம். நீந்தாதவர்கள் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வாங்கும் முன் ஒன்று. மாதச் சந்தா ஆப்பில் டவுன்லோட் செய்த பாட்டை இதற்குள் ஏற்ற முடியாது, அவை அந்த ஆப்புக்குள் மட்டும் திறக்கிற பூட்டிய கோப்புகள். உங்களிடம் எம்பி3 ஆகவோ பழைய ஆடியோ சிடியாகவோ பாட்டு இருக்க வேண்டும். நான் அலமாரியில் கிடந்த சிடிக்களை இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றினேன், அந்த வேலையும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்தச் சின்னத் திரைகள் பலவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும், அதனால் பாட்டுப் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றிவிட்டு, முன்னால் 01, 02 என்று எண் போட்டுவிட்டேன். மெதுவாக ஆரம்பித்து, நடுவில் குத்து, கடைசியில் மெலடி.

ரோட்டில் ஓடும் நாட்களுக்குத் தனி ஃபோல்டர் வைத்திருக்கிறேன். இடது ஓரமாக ஓடும்போது பின்னால் வரும் வண்டி வலது பக்கம்தான் கடந்துபோகும், அந்தக் காதை அடைத்துக்கொள்ள மாட்டேன், இடது காதில் மட்டும் இயர்போன். ஆனால் ஸ்டீரியோ பாட்டில் சில வாத்தியங்கள் வலது பக்கம் மட்டும் வரும், ஒற்றைக் காதில் கேட்டால் தவில் அடி பாதி காணாமல் போயிருக்கும். அந்த ஃபோல்டருக்கான பாட்டுகளை மட்டும் கணினியில் மோனோவாக, அதாவது இரண்டு பக்கத்து ஒலியையும் ஒன்றாகக் கலந்து, மாற்றி ஏற்றினேன். இப்போது இடது காதிலேயே முழுப் பாட்டும் வருகிறது, வலது காதில் பஸ் ஹாரன் கேட்கிறது.