நூதனசாலை வேலையில் ஏஐ: ஒரு வருஷத்துக்கு மேல் பாவித்த பிறகு

கொழும்பில் ஒரு தனியார் சேகரிப்பில் பழைய பொருட்களைப் பதிந்து விவரம் எழுதுவது என் வேலை. அடையாள அட்டையில் காப்பாட்சியர் என்று இருக்கிறது. தூசி தட்டுவதும் நான்தான். போன வருஷத் தொடக்கத்திலிருந்து மாதம் 20 டொலர் சாட்ஜிபிடியும், பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு எழுத்தாக்கும் டிரான்ஸ்க்ரிபஸ் மென்பொருளை அவ்வப்போதும் பாவிக்கிறேன். "உங்கட வேலை போயிடுமா?" என்று கேட்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

டிரான்ஸ்க்ரிபஸுக்குத் தாராளமாக மார்க் போடலாம். எங்கள் பழைய பதிவேடுகள் மங்கிய மையில், கூட்டெழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். ஒரே ஆள் எழுதியது என்றால், கொஞ்சப் பக்கங்களை நாமே திருத்திக் கொடுத்துப் பழக்கினால் போதும், அப்புறம் பிழை வெகுவாகக் குறைந்துவிடும். ஊர்ப் பெயர்களில் மட்டும் தடுமாறும்.

ஏட்டில் கதை வேறு. பழைய ஓலையில் மெய்க்குப் புள்ளி இருக்காது, எகரமும் ஏகாரமும் ஒன்று, காலும் (ா) ரகரமும் ஒன்று, சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. பொருள் பிடிபட்டவருக்குத்தான் எழுத்துப் பிடிபடும். சாட்ஜிபிடியிடம் ஓலைப் படத்தைக் கொடுத்தேன். தெரியவில்லை என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை. தேவாரச் சாயலில் ஒரு பாட்டைத் தந்தது. ஓலையில் இருந்ததோ மருந்துச் சரக்குகளின் பட்டியல்.

சிலை விஷயம் இன்னும் வேடிக்கை. பொலன்னறுவைச் சிவ தேவாலயங்களில் கிடைத்த வெண்கலங்கள் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றன. அவற்றில் காரைக்கால் அம்மையாரும் உண்டு: எலும்பும் தோலுமாக உட்கார்ந்து, கையில் தாளம். அந்தப் படத்தைப் போட்டால் காளி என்றது. கையைப் பார் என்றேன். மன்னிப்புக் கேட்டு, அம்மையார்தான் என்றது. சரி, விடுவானேன் என்று, "இல்லை, இது புத்தரின் தவக்கோலம்" என்று சும்மா அடித்துப் பார்த்தேன். அதற்கும் நன்றி சொல்லி ஒத்துக்கொண்டது.

லேபல் எழுத நன்றாக உதவுகிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் முதல் வரைவு நிமிஷத்தில் வந்துவிடும். ஆனால் விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். 1911இல் காலி நகரில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டைப் பற்றிக் கேட்டபோது, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே ஒரே செய்தியை மூன்று மொழியில் வெட்டுவித்தார் என்று எழுதியது. உண்மையில் அதில் சொல்லும் காணிக்கைகள் கிட்டத்தட்ட ஒன்றுதான், பெறுபவர்தான் வேறு. சீனத்தில் புத்தர், தமிழில் தென்னாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வம், பாரசீகத்தில் அல்லாஹ். கல்வெட்டின் முழுச் சுவாரசியமும் அதில்தான் இருக்கிறது.

இப்போது வேலை போயிடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். என் நாற்காலிக்கு உடனடி ஆபத்து தெரியவில்லை. ஒரு பொருள் யாரிடமிருந்து, எப்படி வந்தது என்பதைக் கொடுத்த குடும்பத்தோடு உட்கார்ந்து பேசித்தான் எடுக்க வேண்டும். அடி விழுவது புதிதாக வரும் பிள்ளைகளுக்கு. பதிவேட்டைப் பார்த்து எழுதுவது, அளவெடுப்பது, முதல் வரைவு போடுவது, இவைதான் அவர்களுடைய வேலை. "இதெல்லாம் ஏஐ செய்யுதே, உதவியாளர் எதுக்கு?" என்று எங்கள் நிர்வாகம் ஏற்கெனவே கேட்டுவிட்டது.

நான் பழகியதே அந்தச் சலிப்பான வேலையில்தான். குத்துவிளக்குகளை ஒவ்வொன்றாக எடை பார்த்து, அளந்து, சேதம் குறித்தபோதுதான் கண் தெளிந்தது. வருஷக்கணக்காக எரிந்த விளக்கில் திரி வைக்கும் மூக்கு தேய்ந்திருக்கும், எண்ணெய்க் கறுப்பு உள்ளே இறங்கியிருக்கும். சுற்றுலாப் பயணிக்காகப் பழசாக்கியதில் கறுப்பு மேலோடு நின்றுவிடும். படத்தில் இரண்டும் ஒன்றுதான். நாளைக்கு ஏஐயின் பிழையைப் பிடிக்க வேண்டிய ஆளை இன்றைக்கு எங்கே பழக்குவது என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள்.

சிறிய சேகரிப்பு வைத்திருப்பவர்கள் தாராளமாகப் பாவிக்கலாம். பொருள் வந்த வழியை எழுதும் பத்தியில் மட்டும் அதை நுழைய விடாதீர்கள். "யாழ்ப்பாணம், 18ஆம் நூற்றாண்டு" என்று கூசாமல் போட்டுவிடும். பிறகு அது அடுத்த பட்டியலுக்கும் போய்விடும். எங்களிடம் அந்தப் பத்தி இன்னும் கையெழுத்தில்தான். உதவியாளர் இடம் இன்னும் காலி. சாட்ஜிபிடி சந்தாவை மட்டும் நிர்வாகம் மாதம் தவறாமல் கட்டுகிறது.